மேட்டூர் தண்ணீரும் இசேயின் மரமும்

பயண இதழுக்கு எழுத விரும்புகிறவர்கள் எங்கே போகலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதை அதற்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. தஞ்சாவூருக்குப் போகிறேன் என்று மட்டும் கிளம்புகிறவர் பெரிய கோயில், அரண்மனை, சரசுவதி மகால் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பலர் எழுதியதையே தன் நடையில் எழுதுவார். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேர்கிறது, வழியில் யார் யார் அதை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்ற கேள்வியோடு போகிறவருக்கு அதே சீமை வேறு முகம் காட்டும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பங்காகிறது. மதகு திறப்பவர், நாற்றுவிடக் காத்திருப்பவர், வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருப்பவர் என்று ஆட்கள் தாமாகவே கட்டுரைக்குள் வருகிறார்கள். தண்ணீர் வந்து எட்டுமா என்ற தவிப்பும் கூடவே வருகிறது.

பழகிய இடத்தில் கண் மழுங்கிப்போகும், புதிதாக வருகிறவருக்குத்தான் எல்லாம் தெரியும் என்பார்கள். பாதி உண்மை. புதியவருக்கு இருப்பது தெரியும். இல்லாமல் போனது தெரியாது. எந்தக் குளம் தூர்ந்தது, எந்தப் பட்டறை மூடியது, ஆடிப்பெருக்கன்று எந்தப் படித்துறையில் கூட்டம் குறைந்தது என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் கண்ணுக்குத்தான் படும். எழுத்தாளர் தி. ஜானகிராமன் தஞ்சை மண்ணில் வளர்ந்தவர். காவிரி அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் அவரும் சக எழுத்தாளர் சிட்டியும் அந்த ஆற்றைக் குடகிலிருந்து பூம்புகார் வரை தொடர்ந்து போய்ப் பார்த்துத்தான் ‘நடந்தாய் வாழி காவேரி’யை எழுதினார்கள். தெரிந்த ஆறு முழுவதும் தெரிந்ததல்ல என்று காட்டும் நூல் அது. ஜப்பான் பயணத்தைப் பற்றி ‘உதயசூரியன்’ எழுதியவரும் இதே ஜானகிராமன்தான்.

கேள்வியோடு கிளம்பும் இந்தப் பழக்கம் வெளிநாட்டில் இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும். ஜப்பானின் இசே ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். காட்சியை நம்பிப் போகிறவருக்கு அங்கே ஏமாற்றம்தான். மூலக் கட்டடம் வேலிகளுக்குள் மறைந்திருக்கும், கூரையின் ஒரு பகுதிதான் தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கத்தை அறிந்த தமிழர் அங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: இவர்கள் கோயிலை எப்படிப் புதுப்பிக்கிறார்கள்? இருபது ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே உள்ள காலி மனையில் முழுக் கட்டடத்தையும் புது மரத்தில் எழுப்பி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். பிரித்த மரம் வேறு ஆலயங்களுக்குப் போகிறது. மூத்த தச்சரிடமிருந்து இளையவர் தொழில் கற்கவும் அந்த இடைவெளி பொருந்திவருகிறது. காட்டில், பட்டறையில், மரம் போய்ச் சேர்ந்த சிற்றாலயத்தில் என்று எத்தனை கட்டுரைகள்!

நம் ஊர் அளவுகோலால் பிறர் ஊரை அளப்பது நியாயமா என்று கேட்கலாம். இந்த ஆட்சேபணையை எளிதில் தள்ளிவிட முடியாது. விடையையும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறவர் எங்கும் தன் ஊரைத்தான் பார்த்துவிட்டு வருவார். கேள்வியை மட்டும் கொண்டுபோனால் வேறுபாடு எழுந்து நிற்கும். நம் கற்றளிகளில் கல் நிலைத்திருக்கிறது, சடங்கு திரும்ப நடக்கிறது. இசேயில் மரம் மாறுகிறது, வடிவம் நிலைத்திருக்கிறது. பழமை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையே இது அசைத்துப் பார்க்கிறது. வாசகருக்கு வேண்டியது ரயில் நேரமும் தங்குமிடமும்தானே என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அவற்றைப் பக்க ஓரத்தில் ஒரு கட்டம் கட்டிக் கொடுத்துவிடலாம்.

இசேயில் 62ஆவது புதுப்பிப்பு 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். அதற்கான மரம் வெட்டும் சடங்கு 2025இலேயே நடந்துவிட்டது. விழா ஆண்டில் எல்லா இதழ்களும் அங்கே இருக்கும். தச்சர்களைப் பற்றி எழுத நினைப்பவர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.