குரல் என்னும் அமானிதம்

இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் கண்ணுக்குப் புலப்படாதது குரல். அதைப் பெட்டியில் பூட்டி வைக்க இயலாது. பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கவும் இயலாது. திருக்குர்ஆனில் ‘ஃபாத்திர்’ அத்தியாயத்தின் முதல் வசனம், இறைவன் தன் படைப்பில் தான் நாடியதை மிகுதிப்படுத்துகிறான் என்னும் கருத்தைத் தருகிறது. அந்த மிகுதி யாது என்று விளக்க வந்த இமாம் ஸுஹ்ரீ போன்ற முன்னோர், அது இனிய குரல் என்றனர். நபித்தோழர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஓதியதைச் செவியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூத் நபியின் குடும்பத்தாருக்கு வாய்த்த இசையில் ஒரு பங்கு அவருக்கும் வாய்த்துள்ளது என்று பாராட்டியதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன.

ஆனால், கொடையாக வந்த குரல் மனிதனுக்குச் சொந்தமன்று. அது அமானிதம். வைத்துக்கொள்ளத் தந்தவன் வயது ஏற ஏறச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். இதனை நாம் கிதாபில் படித்ததுண்டு. கண்ணாரக் கண்டது, முதிய பாடகர் ஒருவரின் கச்சேரிக்கு நாம் தனியே சென்று வந்த ஒரு மார்கழி மாலையில்தான்.

அப்பாடகர் கே.ஜே. யேசுதாஸ். 1940 ஜனவரி 10 அன்று கொச்சிக் கோட்டையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் அகஸ்டின் ஜோசப் நாடக நடிகர், பாடகர். மைந்தர் திரைக்காக முதன்முதலில் பாடியது 1961இல். சாதி வேற்றுமையும் மதப் பகையும் அற்ற வாழ்வைப் பற்றி ஸ்ரீ நாராயண குரு இயற்றிய வரிகளே அவருக்கு முதலில் வாய்த்தன. 1964இல் ‘பொம்மை’ படத்தின் வழியே தமிழுக்கும் வந்தார்.

நாம் மத்ரஸாவில் மீஸான், நஹ்வு என்று அரபி இலக்கணத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ படத்தில் கண்ணதாசன் எழுதிய தாலாட்டும், 1985இல் வெளிவந்த ‘சிந்து பைரவி’யின் பாடல்களும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே தேநீர்க் கடையின் டேப்ரிக்கார்டரிலிருந்து தெருவுக்கு வரும். எமக்கு ஓராண்டு மூத்த ஓதல் தோழர் ஒருவர் இருந்தார். கடை வாசலில் நில்லாமல், ஆனால் நடையை மட்டும் தளர்த்தி, பாட்டு முடியும்வரை அத்தெருவைக் கடக்கும் வித்தையை நமக்குக் கற்பித்தவர் அவரே. “இந்த மனுசரை ஒரு நாளாவது நேர்ல உட்கார்ந்து கேட்கணும்” என்பார். இருவரும் சேர்ந்தே போவது என்று பேசி வைத்திருந்தோம். தோழர் முந்திக்கொண்டார், நாற்பத்தெட்டாம் வயதில் மண்ணறைக்குச் சென்றுவிட்டார். அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்குவானாக!

இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியனுக்குப் பிழைப்பே குரல்தான். அரபியையும் தமிழையும் உரத்த குரலில் கற்பித்தே நம் காலம் கழிந்தது. ஐம்பதை நெருங்கிய நாளில், மூன்றாம் பாடவேளைக்குள் தொண்டை கரகரக்கத் தொடங்கிற்று. பின்வரிசைப் பிள்ளைகள், “ஹஜ்ரத், கேட்கலை” என்றபோது நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கியது. வகுப்பை விட்டுவிடலாமா என்னும் எண்ணமும் எழுந்தது. அவ்வேளையில், எழுபத்தெட்டு வயதான ஒருவர் எப்படி மேடையேறுகிறார் என்று காண வேண்டும் போலிருந்தது.

மார்க்கம் கற்றவர் சங்கீத சபைக்குப் போகலாமா என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. இசை பற்றி நம் இமாம்களிடையே ஒரே கருத்து நிலவியதில்லை. இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் ‘தல்பீஸ் இப்லீஸ்’ நூலில் இசைக் கூட்டங்களைக் கடிந்துரைத்தார்கள். இமாம் கஸ்ஸாலி அவர்களோ ‘இஹ்யா’வில் இதற்கென ஒரு தனிப் பகுதியே வகுத்தார்கள். இசை, உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டு வந்து வைப்பதில்லை, அங்கே இருப்பதையே அசைக்கிறது என்னும் அபூ ஸுலைமான் தாரானீ அவர்களின் கருத்தை அதில் எடுத்தாள்கிறார்கள்.

ஒட்டகம் ஓட்டும் அடிமை ஒருவனின் கதையும் அங்கேதான் வருகிறது. அவனது இனிய பாட்டில் மயங்கிய ஒட்டகங்கள், பெருஞ்சுமையுடன் மூன்று நாள் தொலைவை ஓரிரவில் ஓடிக் கடந்து, சுமை இறக்கியதும் மாண்டு போயினவாம். குரலின் ஆற்றலுக்கும் ஆபத்துக்கும் அந்த ஒரு கதையே போதும்.

அந்த மேடையில் ஒலிப்பவை பிற சமயத்தாரின் கீர்த்தனைகள் அல்லவா என்பது அடுத்த கேள்வி. நம் மத்ரஸாக்களில் இம்ருல் கைஸின் கவிதையைப் பாடமாகவே ஓதுகிறோம். அறியாமைக் காலத்துக் கவிஞன் அவன். அவனுடைய கொள்கையை ஏற்பதற்காக அன்று, மொழியின் நுட்பத்தை அறிவதற்காகவே ஓதுகிறோம். நம் ஈமான் நம்மிடம் பத்திரமாக இருக்கும்போது, பிறரது கலையை மரியாதையுடன் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை என்பது எமது துணிபு. நாகூர் தர்காவின் வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் அவர்கள் கர்நாடக இசையில் தேர்ந்தவர். நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானா அவர்களுக்கு 1998இல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது அளித்தது. அந்த இசைக்கு நாம் அயலார் அல்லர்.

2018 டிசம்பரில் அந்த நாள் வாய்த்தது. பிள்ளைகளை அழைத்தோம்; அவர்களது ரசனை வேறு. வீட்டில், “நீங்க போய்ட்டு வாங்க, ராத்திரிக்குச் சோறு எடுத்து வைக்கிறேன்” என்றார்கள். மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் மஃரிபை முடித்துக்கொண்டோம். கச்சேரி என்பது முன்னாளில் அரசு அலுவலகத்தைக் குறித்த சொல். அச்சாலையின் பெயருக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அன்று அப்பெயர் பொருத்தமாகவே தோன்றிற்று. அங்கிருந்து நடந்து சபையை அடைந்தோம். வாசலிலேயே காப்பி மணமும் மல்லிகை மணமும் கலந்து வந்தன. தொப்பியும் தாடியுமாகத் தனியே நின்ற நம்மைச் சிலர் திரும்பிப் பார்த்தனர். அப்பார்வையில் வியப்பு இருந்தது, விலக்கல் இல்லை.

இருக்கைக்கு அருகில் எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர். “வாங்கோ பாய், உட்காருங்கோ” என்று தம் சால்வையை ஒதுக்கிக்கொண்டார். “பாட்டு கத்துண்டிருக்கேளா?” என்றார். “இல்லைங்க ஐயா, கேட்க மட்டுந்தான் தெரியும்” என்றோம். “அது போறும். பாடறவாளுக்கு அதுதானே வேணும்” என்று சிரித்தார்.

வெள்ளுடையும் வெண்தாடியுமாகப் பாடகர் வந்து அமர்ந்தார். தம்புரா ஒலித்தது. முதலிரண்டு உருப்படிகளில் நம் செவி, தேநீர்க் கடையில் கேட்ட அந்தப் பழைய குரலையே தேடிற்று. அது அங்கே இல்லை. மேல் ஸ்தாயியில் நாற்பது வயதில் நின்ற நிலை எழுபத்தெட்டில் நிற்குமா? ஆனால் கல்யாணியை எடுத்து விரித்தபோது வேறொன்று புலப்பட்டது. ஏற முடிகிற உயரம் வரை ஏறினார். அதற்கு மேல் வலிந்து தாவவில்லை. கீழ்ச் சுரங்களில் நெடுநேரம் தங்கினார். இளமையில் வேகமாகக் கடந்து போயிருக்கக்கூடிய இடங்களில் இப்போது நின்று, ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய காலத்தைக் கொடுத்தார். கையிருப்புக் குறைந்த நல்ல குடும்பத்தலைவர் எண்ணிச் செலவழிப்பதைப் போல இருந்தது அது. பெரியவர் கண்களை மூடித் தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தார். நம் இடப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தோழர் நினைவு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இப்பாடம் அவருக்கு ஆசிரியர் வழி வந்திருக்கலாம். செம்பை வைத்தியநாத பாகவதர் ஆசாரமான அந்தணர். கிறித்தவராகிய யேசுதாஸைச் சீடராக ஏற்று வளர்த்தார். 1950களில் அப்பாகவதருக்கே திடீரெனக் குரல் அடைத்துப் போய், நாளடைவில் மீண்டது. பறிபோன குரலைத் திரும்பப் பெற்ற அவர், 1974இல் மறையும்வரை பாடிக்கொண்டிருந்தார். குரல் தமதன்று என்பதை அவரினும் நன்கு அறிந்தவர் யார்? குருவாயூர்க் கோயிலுக்குள் மாற்று மதத்தார்க்கு அனுமதியில்லை என்பதால் சீடர் வெளியே நின்றார். ஆனால் சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது அவர் பாடிய பாட்டே. உடல் நிறுத்தப்பட்ட இடத்தும் குரல் வழி கண்டுகொண்டது.

உலகெங்கும் இவ்வமானிதத்தை அவரவர் வெவ்வேறாகவே பேணியுள்ளனர். எகிப்தின் உம்மு குல்தூம், பள்ளிவாசல் இமாமாகிய தந்தையாரிடம் ஓதிப் பழகிய குரலால், மாதந்தோறும் முதல் வியாழனிரவில் அரபு நாடுகளையே வானொலி முன் அமர்த்தினார், 1975இல் மறைந்தார். இங்கிலாந்தின் ராக் பாடகர் கேட் ஸ்டீவன்ஸ் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி, யூசுஃப் இஸ்லாம் ஆகி, பாட்டையும் கிதாரையும் விட்டு விலகினார். 2006இல் மீண்டும் இசைத்தட்டு வெளியிட்டார். விலகியதும் திரும்பியதும் கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் அச்சத்தாலேயே என்று நாம் நல்லெண்ணம் கொள்கிறோம்.

நெடுநாள் ரசிகர் முதிய பாடகரைத் தேடிப் போவது பழைய இனிமையை மீட்பதற்காக அன்று. அது இசைத்தட்டிலேயே வாடாமல் இருக்கிறது. இத்தனை காலம் நமக்குத் துணையிருந்த குரல் விடைபெறும் விதத்தை அருகிருந்து காண்பதும், ‘உங்களால் நாங்கள் நலம் பெற்றோம்’ என்று கைதட்டலால் சொல்வதுமே அதன் பயன். நன்றி சொல்லப் போகிறவருக்குத் துணை வேண்டுவதில்லை.

நாம் வகுப்பை விடவில்லை. உரத்துப் பேசுவதை விட்டோம். மேசையைப் பிள்ளைகளின் நடுவே நகர்த்திக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய காலத்தைக் கொடுத்து ஓதிக் கொடுக்கிறோம். பின்வரிசை என்று ஒன்று இப்போது இல்லை.