கினிகத்தேனையை ஆங்கில எழுத்தில் ஒளித்து வைத்திருந்தோம்

கினிகத்தேனை உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

எங்களுக்கெல்லாம் படிப்பித்த பெரிய சேர் மௌத்தாகி ஒரு வருடம் ஆகிறது. அல்லாஹ் அவரின் கப்றை விசாலமாக்குவானாக. போன மாதம் மாமி ஒரு பென்டிரைவைக் கொண்டு வந்து எங்கள் கையில் தந்தார். சேர் ஓய்வு பெற்ற பிறகு இரவிரவாக இருந்து டைப் செய்தது. பாடசாலை எப்படித் தொடங்கியது, முதல் கொட்டிலுக்கு யார் பலகை தந்தார்கள், யார் தகரம் சுமந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறதாம். டவுனில் ஒரு கடையில் காட்டியபோது, "வைரஸ் பிடிச்சிருக்கு, போர்மட் பண்ணத்தான் வேணும்" என்றார்களாம். மாமி மனமில்லாமல் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"இதுக்குள்ள அவரு எழுதினது இருக்கா மகன்?" என்று கேட்டார்.

திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து. ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் இதே மாதிரிக் கோப்புகளை நாங்கள் முன்பும் பார்த்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் பாடசாலைக் கணினியைத் துப்புரவு செய்தபோது, "பழுதான கோப்பு" என்று நாங்களே எங்கள் கையால் அழித்தோம். அதில் என்ன இருந்தது என்று இன்று யாருக்கும் தெரியாது. கடைக்காரரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

எங்கள் தகவல் தொழில்நுட்ப டீச்சர் சிங்களவர். பார்த்த உடனேயே சிரித்தார். "இது வைரஸ் இல்லை. எங்களுக்கு எஃப்எம் அபய மாதிரி, உங்களுக்கு பாமினி" என்றார்.

அதுதான் விஷயம். பாமினி எழுத்துருவில் டைப் செய்தால் கணினி தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்தையே சேமிக்கிறது. அதற்கு மேல் எழுத்துரு தமிழ்ச் சட்டை போட்டுவிடுகிறது. "அம்மா" என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எங்கள் ஊர்ப் பெயர் எஃப், பி, டி, பி என்று தொடங்குகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். யூனிகோடில் அப்படியில்லை. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். "அ" என்றால் 2949ஆம் எண். எந்த நாட்டுக் கணினியிலும் அது "அ"தான்.

மாற்ற உட்கார்ந்தோம். அங்கேயும் எங்களில் ஒருவர் ஒரு பிழை விட்டார். இடையிடையே இருந்த அடைப்புக்குறி, சாய்கோடு எல்லாம் குப்பை என்று நினைத்து நீக்கிவிட்டார். மாற்றி வாசித்தால் ஹமீது வெறும் "மீது" ஆகியிருந்தார். ஹனீபா "னீபா". பாமினியில் ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் அந்தக் குறிகளின் இடத்தில்தான் இருக்கின்றன. முருகையாவும் பெருமாளும் முழுசாக வந்தார்கள். எங்கள் வாப்பாமாரின் பெயர்கள்தான் உடைந்தன. நல்லவேளை, மூலப் பிரதியைத் தொடாமல் வைத்திருந்தோம். மறுபடி முதலிலிருந்து செய்தோம். கொம்புகளும் சரியாக வரவில்லை. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னே அடிக்கப்படும், யூனிகோடில் பின்னே சேமிக்கப்படும். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம்.

இந்த வேலையில்தான் ஒருவரைப் பற்றித் தேடி அறிந்தோம். மலேசியாவின் கேரித் தீவுத் தோட்டப்புறத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர் முத்து நெடுமாறன். தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர். மகன் 1985இல் கணினியில் தமிழ் எழுதுவதற்கான முரசு மென்பொருளைத் தொடங்கினார். பெரிய கம்பனி ஒன்றுமில்லை, சிறு நிறுவனம். அதிலிருந்துதான் முரசு அஞ்சல் வந்தது. 2005 பொங்கலில் கைப்பேசியில் தமிழ் அனுப்பும் செல்லினம் வந்தது. எழுத்துருக்களைச் சோதித்துப் பார்க்க ஹைபிஸ்கஸ் என்ற கருவியையும் செய்து, யாரும் எடுத்துப் பாவிக்கத் திறந்து விட்டிருக்கிறார்.

ஆப்பிள் கணினியின் எழுத்துருப் பட்டியலில் "தமிழ் சங்கம் எம்என்" என்று இருக்கும். எம்என் என்றால் முத்து நெடுமாறன். கொஞ்சம் மேலே போனால் "சிங்கள சங்கம் எம்என்". டீச்சரிடம் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்போ எங்கட எழுத்தை வரைந்தது ஒரு தமிழரா?" என்று கேட்டார். தோட்டத்து மண்ணிலிருந்து வந்த ஒருவர் சிங்கள எழுத்தையும் அக்கறையோடு வரைந்திருக்கிறார். எங்கள் கோப்பை அடையாளம் கண்டு சொன்னதோ ஒரு சிங்கள டீச்சர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

எழுத்துரு வரையும் மென்பொருள் செய்கிறவர்களும் பெரும்பாலும் இப்படிச் சிறு குழுக்கள்தான். நெதர்லாந்தின் ஹை-லாஜிக், ஜெர்மனியின் கிளிஃப்ஸ் எல்லாம் அப்படி. ஃபொன்ட்ஃபோர்ஜ் இலவசம். பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம், தங்கள் கையெழுத்தையே எழுத்துருவாக்கிப் பார்க்கலாம் என்று.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மாமி வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினோம். பலகை தந்தவர்களின் பெயர்கள் வந்தன. தோட்டத்திலிருந்து வந்து சம்பளமில்லாமல் சுவர் எழுப்பியவர்களின் பெயர்கள் வந்தன. முடிவில் ஒரு வரி. கொட்டில் கட்டிய நாட்களில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றியது தன் வீட்டுக்காரி என்று சேர் எழுதியிருந்தார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதையும் எழுதினாரா?" என்றார்.

எங்களுக்கு வேறு கூலி தேவைப்படவில்லை.

இனி வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய சீடி, பென்டிரைவ், கணினி இருக்கும். பள்ளிவாசல் கணக்கு, கோயில் திருவிழா மலர், மரண உதவிச் சங்கக் குறிப்பு, எதுவாகவும் இருக்கலாம். திறந்தால் ஆங்கிலக் குப்பை மாதிரித் தெரிந்தால் அழித்துவிடாதீர்கள். எதையும் தொடுமுன் ஒரு பிரதி எடுங்கள். பிறகு எங்களிடம் கொண்டு வாருங்கள். பாடசாலை விட்ட பிறகு இருந்து மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம். இன்ஷா அல்லாஹ், பெயர்களில் ஒரு "ஹ"கூட விடுபடாமல் பார்த்துக்கொள்கிறோம்.