ஊவா மலையில் ஒலிக்கும் தப்பு

மலையேறி வரும் புகைவண்டி தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் ஒரு வேடிக்கை செய்கிறது. குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்றுமுன் தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைந்து பதுளையை நோக்கி விரைகிறது. 1924-ல் பதுளை வரை எட்டிய இத்தடத்தின் இருமருங்கிலும் தேயிலைப் பசுமையைக் கண்டு மகிழ்வோர் பலர். அத்தோட்டங்களின் காமன் கூத்தைக் கண்டவர் சிலரே.

மாசி வளர்பிறையில் காமன் கம்பம் நடுவர். மேடையுமில்லை, திரையுமில்லை, லயத்து முற்றமே அரங்கு. ஆடவரே இரதியாக வேடம் புனைவர். தூதனும் வீரபத்திரனும் எமனும் தப்பொலிக்கேற்ப ஆடி வருவர். விடியற்காலையில் பெரட்டுக்கு வரச்சொல்லி அதட்டிய கருவியும் இதே தப்புத்தான்! கூத்து இரவில் அது தொழிலாளரின் சொந்தக் குரலாகிவிடுகிறது. சிவனார் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்தபின் இரதி புலம்பும்போது பெண்டிர் விம்முகின்றனர். கடல் கடந்து வந்து, காடு வெட்டி, இம்மண்ணிலே உரமாகிப்போன முன்னோருக்கும் சேர்த்தன்றோ அந்தக் கண்ணீர்!

பாட்டின் இவ்வலிமையை நன்கறிந்தவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியாரான இவர், மலைநாட்டுக் கூட்டங்களில் உரிமைப் பாடல்களைத் தாமே பாடினார். 1940-ல் அவை அச்சேறின. எழுத்தறியாதவரும் கேட்டு மனத்திலிருத்தக்கூடிய பத்திரிகை அது.

அப்புத்தளைக்குக் கீழே, பெரகலை வழியாகக் கொஸ்லந்தைக்குச் செல்லும் சாலையில் இந்நினைவு நெஞ்சை உறுத்துகிறது. 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005-லும் 2011-லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். 2025 நவம்பரில் 'தித்வா' புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டுபோயின.

கூத்து காணி கொடாது, மெய்தான். மாற்று வீடு கட்டித் தருவது ஆள்வோர் கடமை. ஆனால் கோப்பிலே உறங்கும் எச்சரிக்கையைத் தப்பு எழுப்பிவிடலாமே! நிலத்தில் வெடிப்பு ஓடினால், ஊற்று திடீரெனக் கலங்கினால், நேர்நின்ற மரம் சாய்ந்தால், இரவென்று பாராது வெளியேறுங்கள் என்று கோமாளி ஒருவன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லட்டும். லயத்துப் பிள்ளைகள் மறுநாளே அதை நடித்துக் காட்டித் திரிவார்கள்.