ஹைட்ரஜன் எந்தக் கட்சி?

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. லேப்டாப்ல ஒரு பாழாப்போன பக்கோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ அக்கா பொண்ணு போன். ப்ளஸ் ஒன் படிக்கிறா. ஹலோ கூட சொல்லலை.

"மாமா, ஹைட்ரஜன் குளோரைடு அயனிப் பிணைப்பா, சகப்பிணைப்பா?"

விஷயம் இதுதான். டெஸ்டுல ஒரு மார்க் கேள்வி. இவ சகப்பிணைப்புன்னு எழுதியிருக்கா, மிஸ் தப்பு போட்டுட்டாங்க. அமிலம்னா ஹெச் ப்ளஸ் வரும், வந்தா அது அயனிதானேங்கறது மிஸ்ஸோட வாதம். "போய்க் கேக்கவா, விட்டுடவா மாமா?"

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. (கொசுவத்தி சுத்துது மக்களே, கொஞ்சம் பொறுத்துக்குங்க.) இதே ப்ளஸ் ஒன்ல நானும் எழுந்து, "சார், ஹெச்சிஎல் அயனின்னா ஏன் உப்பு மாதிரி கட்டியா இல்லாம வாயுவா இருக்கு?"ன்னு கேட்டேன். அதிகப்பிரசங்கின்னு பட்டம் கொடுத்து, பீரியட் முடியற வரைக்கும் வெளிய நிக்க வச்சார். அதுக்கப்புறம் அந்த வகுப்புல நான் வாயே திறக்கலை. மனப்பாடம் பண்ணினேன், மார்க் வாங்கினேன், அவ்வளவுதான்.

"அரை மணி நேரத்துல கூப்பிடறேன்"னு போனை வச்சுட்டு, பக்கை அம்போன்னு விட்டுட்டு உக்காந்து படிச்சேன்.

ஹைட்ரஜன் கிட்ட இருக்கறது ஒரே ஒரு எலக்ட்ரான். அதோட கூட்டுல மொத்தமே ரெண்டு பேருக்குத்தான் இடம். ஆக, இருக்கறதைக் கொடுத்துடலாம், இன்னொண்ணு வாங்கிக்கலாம், இல்லைன்னா பங்கு போட்டுக்கலாம். இதுல கொடுக்கறதுதான் மகா கஷ்டம். சோடியத்துகிட்ட இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். ஹைட்ரஜன் 1312 கேக்குது. அப்படியே பிடுங்கினாலும் மிஞ்சறது வெறும் புரோட்டான். அணுவை விட பல்லாயிரம் மடங்கு சின்னது. அது எந்தச் சேர்மத்துலயும் தனியா நிக்காது, பக்கத்துல இருக்கற எலக்ட்ரான் ஜோடியில போய் ஒட்டிக்கும்.

அதனால குளோரினோட சேரும்போது பங்குதான். எலக்ட்ரான் கவர்தன்மை ஹைட்ரஜனுக்கு 2.20, குளோரினுக்கு 3.16. பங்காளிச் சண்டை மாதிரி குளோரின் பக்கம் சாய்வு உண்டு, ஆனா முழுசா எழுதி வாங்கிக்கற அளவுக்கு இல்லை. அதான் மைனஸ் 85 டிகிரியிலயே கொதிச்சு வாயுவாகிடுது. தண்ணியில கரைஞ்சாத்தான் கதை மாறும். தண்ணி மூலக்கூறு அந்தப் புரோட்டானைத் தூக்கிட்டுப் போய் ஹைட்ரோனியம் ஆகிடும். ஈரமே இல்லாத ஹெச்சிஎல் வாயு, காய்ஞ்ச நீல லிட்மஸ் தாளை சிவப்பாக்காது. மிஸ் சொல்றது பாட்டில்ல இருக்கற கரைசலுக்குச் சரி. கேள்வி கரைசலைப் பத்தி இல்லையே!

எனக்குத் தூக்கம் போனது அடுத்த பகுதியிலதான். ஹைட்ரஜன் நிஜமாவே அயனியாகற இடமும் இருக்கு, ஆனா ப்ளஸ்ஸா இல்லை, மைனஸ்ஸா! சோடியம் மாதிரி தாராளப் பிரபுகிட்ட மாட்டினா எலக்ட்ரானை வாங்கிட்டு ஹைட்ரைடு ஆகிடுது. சோடியம் ஹைட்ரைடோட படிக அமைப்பு நம்ம சாப்பாட்டு உப்போடதுதான். இப்படி இருக்கலாம்னு 1916-ல லூயிஸ் சொன்னார். 1920-ல மோயர்ஸ்னு ஒருத்தர் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி கரண்ட் விட்டுப் பாத்தார். ஹைட்ரஜன் வந்தது நேர்மின்முனையில! தண்ணியை மின்னாற்பகுத்தா எதிர்மின்முனையில குமிழ் விடற அதே ஹைட்ரஜன், இங்க கட்சி மாறி நிக்குது. ப்ளஸ் ஒன்ல யாராவது இதைச் சொல்லியிருந்தா...

திரும்பக் கூப்பிட்டேன். "போய்க் கேளு. கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் வேணாம், ஸ்டாஃப் ரூம்ல கேளு. லிட்மஸ் விஷயத்தைச் சொல்லு."

"திட்டினா?"

கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரலை. "திட்டினா உடனே எனக்குப் போன் பண்ணு"ன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு. எடுக்கும்போது கை லேசா நடுங்கினது நிஜம். மார்க் வரலை. "பாத்துட்டுச் சொல்றேன்"னாங்களாம் மிஸ். திட்டலை.

"அது கிடக்கட்டும் மாமா, அந்த மைனஸ் ஹைட்ரஜனைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?"

தண்ணியில லேசா ப்ளஸ்ஸா இருக்கற ஹைட்ரஜனோட அது ஜோடி சேர்ந்து வாயுவாப் பறந்துடும், மிஞ்சறது காஸ்டிக் சோடா, அந்தச் சூட்டுல தீப்பிடிக்கவும் செய்யும், வீட்டுல எல்லாம் பண்ணிப் பாக்காதேன்னேன்.

"ஆமா, அம்மா அஞ்சறைப் பெட்டியில சோடியம் ஹைட்ரைடுதான் வச்சிருக்காங்க"ன்னுட்டு வச்சுட்டா.