வலது இறக்கை

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து, வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளோடு ஷார்ஜா அல் மஹத்தா அருங்காட்சியகத்துக்குப் போனோம். அது பழைய விமான நிலையம். நாம் அடிக்கடி போய்வரும் கிங் அப்துல் அஜீஸ் தெருதான் அன்றைய ஓடுபாதை. 1932 அக்டோபர் 5-ம் தேதி இம்பீரியல் ஏர்வேஸின் ‘ஹன்னோ’ முதன்முதலாக இங்கே இறங்கியது. பத்தே நாளில், 15-ம் தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுபோனார். நம் ஊருக்கு விமானத் தபால் வந்த கதை அது.

பிள்ளைகள் ஹன்னோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, அக்காவும் தம்பியுமான நாங்கள் டிசி-3 விமானத்தின் முன்னாலேயே நின்றுவிட்டோம். எங்கள் வீட்டில் அதற்கு டக்கோட்டா என்று பெயர்.

அப்பா ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. 1997-ல் வந்தபோது பெட்டியில் ஏர்ஃபிக்ஸ் டக்கோட்டா கிட் இருந்தது. 72-ல் ஒரு பங்கு அளவு. இறக்கை நுனிக்கு நுனி நாற்பது சென்டிமீட்டர். பிளாஸ்டிக் சட்டத்தில் காய்போல ஒட்டியிருக்கும் துண்டுகளை அப்பா பழைய பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தெடுப்பார். நகவெட்டியால் திருகினால் திட்டுவார். ஒரு சொட்டுப் பசையைத் தீக்குச்சி முனையில் எடுத்து வைப்பார். அந்தப் பசை ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும், தப்பினால் தப்பினதுதான். அதிகம் பேசாத மனுஷர், அந்த நாட்களில்தான் எங்களோடு பேசினார்.

உடலும் இடது இறக்கையும் முடிந்தன. லீவும் முடிந்தது. வலது இறக்கையைப் பெட்டியில் வைத்து, “அடுத்த லீவுக்கு ஒட்டலாம், தொடாதீங்க” என்றார்.

கிறிஸ்துமஸ் லீவு வரை பொறுத்தோம். பிறகு நாங்களே ஒட்டினோம். பசை வழிந்தது, இறக்கை தொங்கியது, ஜன்னலில் தம்பியின் கைரேகை அப்படியே பதிந்தது. பெருமையாகக் கடிதம் எழுதினோம். பதிலில் அம்மா, மாடு, பரீட்சை எல்லாம் இருந்தன, விமானம் இல்லை. அடுத்த லீவில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், அலமாரியில் வைத்தார். அப்புறம் கிட் வரவேயில்லை, கால்குலேட்டர்தான் வந்தது. அசிங்கமாக ஒட்டிவிட்டோம் என்று கோபம் போல என்றே பல வருஷம் நினைத்தோம்.

இப்போது இருவரும் இங்கேதான். அக்கா நர்ஸ், தம்பிக்குக் கடையில் கணக்கு வேலை. அக்காவின் மகள் ஆறு வயது. நாகர்கோவிலில் தாத்தா பாட்டியோடு இருக்கிறாள். போன லீவில் பசையில்லாமல் பொருத்தும் சின்ன விமானம் ஒன்று வாங்கிப் போனோம். பாதி முடிந்தது. “அம்மா வந்ததும் மீதியைச் செய்யலாம்” என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் வீடியோவில் முழு விமானத்தையும் தூக்கிக் காட்டினாள். “நானே முடிச்சிட்டேன்!” கை தட்டினோம். போனை வைத்தபின் நெடுநேரம் பேசவில்லை. தம்பிதான் சொன்னான்: “அக்கா, டக்கோட்டா.”

அன்று ராத்திரியே அப்பாவைக் கூப்பிட்டு, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம்.

“இருக்கு. தூசி தட்டித்தான் வச்சிருக்கேன். வலது இறக்கை ஆடுது. வரும்போது நல்ல பசையா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”