கொலைகாரனுக்குப் பின்னாடி ஒரு வாக்!

போடியில பஸ் ஏறினா, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி போடிமெட்டு. முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல்ல ‘இன் எ வயலன்ட் நேச்சர்’ (2024) பார்த்தது தப்பாப்போச்சு! கனடா காட்டுல கேமரா கொலைகாரன் முதுகுக்குப் பின்னாடியே நடக்கும். பின்னணி இசையே இல்லை, காலடிச் சத்தம்தான். ஆள் உயர ஏலச் செடிகளுக்கு நடுவுல அதே சத்தம் கேட்டா, வயித்துல புளி கரைக்காதா? (பின்னாடி வந்தது நம்ம ரூம்மேட்தான் பாஸ்!)

‘‘இதென்ன புதுசா? நம்ம தேனி அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1978-லேயே ‘சிகப்பு ரோஜாக்கள்’ல கமலையே கொலைகாரனாக்கிட்டாரே’’ன்னான் ஒருத்தன். மாட்டிக்கக் கூடாதேன்னு கொலைகாரனுக்காகவும் மனசு அடிச்சுக்குமே, அதான் அந்தப் படத்தோட வில்லத்தனம்.

பேச்சு குரங்கணிப் பக்கம் திரும்புச்சு. இதே மலைத்தொடர்தான். 2018 மார்ச்ல மலையேற வந்தவங்க 20 பேருக்கு மேல காட்டுத்தீயில செத்துப்போனாங்க. அந்தத் தீக்கு முகமும் இல்லை, ஃபிளாஷ்பேக்கும் இல்லை.

அப்புறம் டீக்கடை வரைக்கும் யாரும் யாரையும் பயமுறுத்தலை.