பிடி

ஸ்கூபா டைவிங்குக்கென்று நான் வாங்கிய முதல் பெட்டி இரண்டே பயணத்தில் செத்துப்போனது. கெட்டி ஓடு போட்ட, பளபளவென்ற நாலு சக்கரப் பெட்டி. முதல் தடவை அந்தமான் போய்த் திரும்பியபோது ஒரு சக்கரத்தைக் காணவில்லை. இரண்டாம் தடவை ஜிப் நகரவில்லை. உப்பு பூத்துப் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டிருந்தது. ராயபுரத்து வீட்டு நடையில் உட்கார்ந்து, கட்டிங் பிளேயரால் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நைனா நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த இன்னா துட்டு குட்த்து வாங்குன?"

சொன்னேன். பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன்.

நைனா முப்பது வருஷம் ஹார்பரில் மஸ்தூர். கையில் கொக்கியோடு கப்பலின் அடிவயிற்றில் இறங்கி மூட்டை அடுக்கியவர். சென்னைத் துறைமுகத்துக்கு 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டைகளெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டன. கொக்கிக்கு வேலை குறைந்தது. அவருடைய இடுப்பு மட்டும் மூட்டைக் காலத்திலேயே நின்றுவிட்டது. இப்போதும் குனிந்து செருப்பு மாட்ட முடியாது.

"நம்ம ஊட்டுக்கு முன்னால இல்லாத கடலா? அத்தப் பாக்க ஏரோப்ளேன்ல போணுமா?" என்பார். என்ன பதில் சொல்வது? 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய்ப் படலம் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் அதை வாளியில் அள்ளிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் தண்ணீருக்கு அடியில் முதன்முதலாகக் கண்ணைத் திறந்து எதையாவது பார்த்தது, இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான். அதை நைனாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

பொறியியல் படித்த புத்தி, அடுத்த பெட்டிக்கு ஸ்ப்ரெட்ஷீட் போட்டது. சிலிண்டரும் ஈயக் கட்டிகளும் டைவ் சென்டரிலேயே கிடைக்கும். நான் சுமக்க வேண்டியவை: பி.சி.டி. என்கிற காற்றடைக்கும் ஜாக்கெட் 3 கிலோ, ரெகுலேட்டர் 3, காலில் மாட்டும் ஃபின்ஸ் 2, வெட்சூட் 2, மாஸ்க்கும் சில்லறைச் சாமான்களும் 1. ஆக 11. நான் வாங்குகிற சாதா டிக்கெட்டுக்கு விமானத்தில் அனுமதி 15 கிலோ. பழைய பெட்டி காலியாகவே 5 கிலோ!

ரெகுலேட்டரைக் கைப்பைக்கு மாற்றினேன். கடலுக்கடியில் மூச்சு விடுவதே அதை நம்பித்தான், அதை யார் கையிலும் கொடுக்க மனசு வராது. டார்ச்சின் லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும். கத்தி மட்டும் கட்டாயம் செக்-இன்னில். மிச்சம் 8 கிலோ. பை 3 கிலோவுக்குள் இருந்தால் துணிமணிக்கு 4 கிலோ கிடைக்கும்.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். ஈரம் காயாத வெட்சூட் எடை கூட்டும். அதற்கு உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. பல நாள் டைவ் அடித்தவர், உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிடலாம்.

உப்பைப் பற்றி எங்கள் ஏரியாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜன்னல் கம்பி துருவாக உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் உலோகப் பல் ஜிப் வேண்டாம், பெரிய பிளாஸ்டிக் பல் போதும். மாதம் ஒருமுறை மெழுகுவத்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாலு சக்கரம் வேண்டாம். உள்ளடங்கிய இரண்டு போதும், அதுவும் திருகாணியால் கழற்றி மாற்றக்கூடியதாக. ஓடும் வேண்டாம். லாரித் தார்பாய் மாதிரி பிவிசி பூசிய துணி விரிசல் விடாது, கிழிந்தால் ஒட்டுப் போடலாம்.

எல்லாக் கட்டமும் பச்சையான ஒரு பையை போனில் காட்டினேன். நைனா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"புடி எங்க?"

"மேல ரெண்டு இருக்கே நைனா."

"அது உனுக்கு. உள்ள அடுக்குறவனுக்கு எங்க?"

எனக்குப் புரியவில்லை. சின்ன விமானங்களின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது, முட்டிபோட்டுத்தான் அடுக்குகிறார்கள். பை எந்தப் பக்கமாக வருகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் பிடிக்க முடியும். நைனா அதைப் பார்த்ததில்லை. ஆனால் கப்பலின் அடியறை அவருக்குத் தெரியும்.

"புடி இல்லாத மூட்டைய இன்னா பண்ணுவோம் தெரியுமா? வீசுவோம். வேணும்னு இல்ல, வேற வழி கிடையாது. புடி இருந்தா வெப்போம்."

என் பெட்டியை உடைத்தவனை நான் ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். விமான நிறுவனங்கள் பெரும்பாலும் 32 கிலோவுக்கு மேல் ஒற்றைப் பையை ஏற்பதில்லை. அது விமானத்துக்காக என்று நினைத்திருந்தேன். தூக்குகிறவரின் முதுகுக்காக. நைனாவின் முதுகில் ஏறிய சிமென்ட் மூட்டை 50 கிலோ. ஸ்ப்ரெட்ஷீட்டில் நான் எத்தனையோ கட்டம் போட்டிருந்தேன். தூக்குகிறவருக்கென்று ஒன்றுகூடப் போடவில்லை.

அந்தப் பையையே வாங்கி, லாரிக்குத் தார்பாய் தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனோம். அடிப்பக்கம் ஒன்று, தலைமாட்டில் ஒன்று, பெல்ட் நாடாவில் பிடி. கட்டம் போட்டு நடுவே பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல். "கிளவுஸ் போட்ட கை நொழையணும்" என்று நைனா தன் கையையே அளவுக்குக் கொடுத்தார்.

போன மாதம் ஆறாவது பயணம் முடிந்து வந்தேன். சக்கரம் இரண்டும் இருக்கின்றன. ஜிப் ஓடுகிறது. நடையில் பையைக் கவிழ்த்துப் போட்டபோது, அடிப்பக்கப் பிடியில் கிரீஸ் கறையோடு நாலு விரல் தடம்.

நைனா நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"புடிச்சிக்கிறான்" என்றார்.

அந்தக் கறையை மட்டும் இன்னும் கழுவவில்லை.